சுந்தரம்மாள் ஏறிய கார்

கார் வாங்குவது என்று முடிவானபோது கருப்பு கேட்டது ஒன்றே ஒன்றுதான். வண்டி நல்ல உயரமாக இருக்க வேண்டும்.

"ரோட்டுல போறவன் அண்ணாந்து பாக்கணும் தாயி. அம்புட்டுதான்," என்றார் மகளிடம்.

அப்பா ஏன் அப்படிக் கேட்கிறார் என்று தமிழ்வாணிக்குத் தெரியும். முப்பது வருடங்களுக்கு முன்னால், அவள் பிறக்கவிருந்த அன்று காலை, அம்மாவுக்கு வலி எடுத்து நேரமாகிவிட்டது. கருப்பு அப்போது பெரிய தெரு பண்ணை வீட்டுக் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற கூலியாள். அந்த வீட்டு வாசலில் உயரமான ஜீப் ஒன்று நிற்கும். ஓடிப்போய்க் கேட்டார். டீசல் இல்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அரை மணி நேரத்தில் அதே ஜீப் சந்தைக்குக் கிளம்பிப் போனதை, செங்கல் ஏற்றப் போன டிராக்டரில் மனைவியைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணால் பார்த்தார். சோழவந்தான் ஆஸ்பத்திரியில் தமிழ்வாணி நல்லபடியாகப் பிறந்துவிட்டாள். அதை அவர் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. மனசுக்குள் மட்டும் ஒரு வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்.

தமிழ்வாணி நாகமலை புதுக்கோட்டைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஊர்க் காற்றில் எவ்வளவு தூசியும் புகையும் இருக்கிறது என்று அளக்கிற வேலை. மொட்டைமாடியில் நிற்கும் கருவிக்குள் வெள்ளைத்தாள் ஒன்றை வைப்பாள். ஒரு நாள் முழுக்கக் கருவி காற்றை இழுக்கும். மறுநாள் தாள் கறுத்து வரும். ஐந்து வருடமாக அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டிருப்பவளுக்கு, புகை விடுகிற வண்டி ஒன்றைத் தானே வாங்குவது மனசுக்கு ஒப்பவில்லை. கரண்டில் ஓடுகிற கார்தான் வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வண்டி அவசியமாகியிருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் அம்மா சுந்தரம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிளேட் வைத்தார்கள். வாரம் இரண்டு தடவை மதுரைக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். ஆட்டோ குலுங்குகிற ஒவ்வொரு குலுங்கலுக்கும் அவள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பரவையில் குடும்பத்தோடு இருக்கும் மகன் முத்துக்குமரன் போனில் சொன்னான்: "எது வாங்குனாலும் ஏழு பேரு உக்காரணும்க்கா. குலசாமி கும்பிடப் போனா எல்லாரும் ஒண்ணாப் போகலாம்ல."

உயரம், ஏழு சீட்டு என்றால் டீசல் வண்டிதான் என்றாகிவிட்டது. தமிழ்வாணி தன் எண்ணத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு, சனிக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் பைபாஸ் ரோட்டு ஷோரூமுக்கு அழைத்துப்போனாள்.

வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது. கருப்பு அதை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். அறுபத்திரண்டு வயதில் அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. முன்பணம் கட்டிவிடலாம் என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டாள்.

"அம்மாவும் ஒரு தடவை உக்காந்து பாக்கட்டும்," என்றார் விற்பனைக்காரர்.

சுந்தரம்மாள் பிடித்து நடக்கும் நடைச்சட்டத்தை விட்டுவிட்டுக் கதவைப் பிடித்தாள். வலது காலைத் தூக்கினாள். பாதி உயரத்துக்கு மேல் கால் வரவில்லை. மறுபடியும் தூக்கினாள். கருப்பு சட்டென்று குதித்து இறங்கி, ஷோரூமின் பளபளத்த தரையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து தொடையைக் காட்டினார்.

"இதுல மிதிச்சு ஏறு புள்ள."

"எந்திரிங்க."

"சும்மா ஏறு. நம்ம வண்டிதான?"

"உங்க தொடைய மிதிச்சுத்தான் நான் கார்ல ஏறணுமா? எனக்கு ஒண்ணும் அம்புட்டு அவசரமில்ல," என்றாள் சுந்தரம்மாள்.

ஓரத்தில் படிப்பலகை பொருத்தித் தரலாம் என்றார் விற்பனைக்காரர். ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள். அதில் கால் வைத்து அவள் ஏறினாள். "நல்லாத்தான் இருக்கு," என்றும் சொன்னாள். ஆனால் ஏறும்போது அவள் கீழுதட்டைக் கடித்ததைக் கருப்பு பார்த்துவிட்டார். வீட்டில் பேசிவிட்டு வருகிறோம் என்று அவரே சொல்லிக் கிளம்பினார்.

திங்கட்கிழமை சுந்தரம்மாளைப் பயிற்சியில் விட்டுவிட்டு, காத்திருக்கிற நேரத்தில் கருப்பு மகளோடு அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனார். மொட்டைமாடியில் அவள் கருவியைத் திறந்து தாளை எடுத்தாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, அடுப்புக்கரியா?"

"காத்துப்பா. நேத்து ஒரு நாள் காத்து."

கருப்பு தொடாமல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ரோட்டோரக் கொடிக்கால்ல வெத்தலை இப்படித்தான் தாயி இருக்கும். ஈரத்துணி வச்சுத் துடைச்சாலும் போகாது. லாரிப் புகை படிஞ்ச எலைன்னு யாவாரி தனியா ஒதுக்கிருவான். முப்பது வருசம் துடைச்ச கை இது." நிமிர்ந்து, கீழே வண்டிகள் நெருக்கியடிக்கும் ரோட்டைப் பார்த்தார். "எலையத் துடைச்சோம். நெஞ்ச எங்க போய்த் துடைக்கிறது?"

தமிழ்வாணி தாளை உறைக்குள் வைத்தாள். அவராகவே கேட்டார்.

"நீ வேற ஏதோ வண்டி மனசுல வச்சிருக்கேல்ல?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசமெல்லாம் போன்ல பாத்துக்கிட்டே இருந்தியே. நான் வந்தா அணைச்சிருவ. சொல்லு."

சொன்னாள். வீட்டிலேயே சார்ஜ் போடலாம், ஊரிலிருந்து மதுரைக்கு இரண்டு தடவை போய் வந்தாலும் தாங்கும் என்றாள். கரண்டு போனால் என்ன செய்வாய் என்று கேட்டார். வருகிற நேரத்தில் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்றாள். அந்தக் கரண்டு மட்டும் புகையில்லாமலா வருகிறது என்று அடுத்துக் கேட்டார். அவள் மழுப்பவில்லை. "அதுலயும் கரி எரிக்கிறாங்கப்பா. ஆனா மொத்தமாப் பாத்தா டீசலை விடக் குறைச்சல். நம்ம தெருவுக்குள்ளயும் புகை வராது."

"ஏழு பேரு?"

"உக்கார முடியாது. அஞ்சு பேருதான். வருசத்துக்கு ரெண்டு தடவை குலசாமிக்கு வேன் பிடிச்சுக்கலாம். அம்மா வாரத்துக்கு ரெண்டு தடவை ஏறணும்."

கருப்பு தலையாட்டினார். "அவ ஏறிப் பாக்கட்டும். அவ சொல்றதுதான்."

அன்று சாயங்காலமே வேறொரு ஷோரூமுக்குப் போனார்கள். சிவப்பு நிறத்தில் நின்ற சின்னக் கார். சுந்தரம்மாள் கதவைத் திறந்து முதுகைக் காட்டி நின்றாள். வீட்டுக் கட்டிலில் உட்காருவது போல அப்படியே உட்கார்ந்தாள். பிறகு இரண்டு காலையும் மெல்ல உள்ளே திருப்பிக்கொண்டாள். யாரும் கை கொடுக்கவில்லை. அவளே கதவையும் சாத்தினாள்.

கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, நீங்க வரலியா?"

ஓட்டிப் பார்க்கும்போது கருப்புக்கு ஒரே ஒரு குறைதான். "வண்டி போகுதா நிக்குதான்னே தெரியல. சத்தமில்லாமப் போனா தெருவுல எவனுக்குத் தெரியும்?"

"ஆரன் இருக்குப்பா," என்றாள் தமிழ்வாணி. சுந்தரம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வண்டி வீட்டுக்கு வந்த நாளில், பெரிய தெரு வழியாகப் போகச் சொன்னார் கருப்பு. மெதுவாகப் போகச் சொன்னார். பண்ணை வீட்டு வாசலில் அந்த ஜீப்புக்காரப் பெரியவர் இல்லை. அவர் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. சேர் போட்டு உட்கார்ந்திருந்த அவருடைய மகன், பக்கத்தில் வந்து நின்ற காரைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தார்.

"கருப்பண்ணே! வந்ததே தெரியலியே. கரண்டு வண்டியா? நானும் வாங்கலாமான்னு யோசனையிலதான் இருக்கேன். எப்படி, நல்லா இழுக்குதா?"

அப்பா என்ன சொல்வாரோ என்று தமிழ்வாணி திரும்பிப் பார்த்தாள்.

கருப்பு கதவைத் திறந்து இறங்கினார். தான் உட்கார்ந்திருந்த சீட்டைக் காட்டினார். "கேட்டுத் தெரியாது. உக்காந்து பாருங்க. தாயி, ஒரு சுத்து போய்ட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்."

பண்ணை வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார். பின் சீட்டில் சுந்தரம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தெருமுனைவரை போய்த் திரும்பியபோது, கருப்பு அதே வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். யாரிடமும் எதையும் கேட்க வராத ஆளாக அந்த இடத்தில் அவர் நின்றதைத் தமிழ்வாணி கண்ணாடி வழியாகக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுந்தரம்மாள், "பரவைக்குப் போவோம்," என்றாள். விழுந்ததிலிருந்து ஆஸ்பத்திரியைத் தவிர அவள் எங்கும் போனதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினார்கள். பேரப்பிள்ளைகள் ஓடி வருவதற்குள் அவளே காலை வெளியே வைத்து எழுந்து நின்றுவிட்டாள். முத்துக்குமரன் வண்டியைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தான். ஏழு சீட்டைப் பற்றி அவன் வாயெடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மொக்கையன்தான் கேட்டார்.

"அண்ணே, இம்புட்டுச் செலவு பண்றீங்க. பெருசா ஒண்ணு எடுத்திருக்கலாம்ல?"

"எடுத்திருக்கலாம் மாப்ள," என்றார் கருப்பு. "அதையும் பாத்தோம். நான்கூட ஏறி உக்காந்தேன். எங்க வீட்டுக்கு இதுதான் சரின்னு நாங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணோம். ஊரு மூச்சு விடறதையும் பாக்கணும்ல?"

சொல்லிவிட்டு, சட்டைப்பையில் இருந்த துணியை எடுத்து முன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். உள்ளே இருந்து சுந்தரம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள். "இந்தா வாரேன்," என்றாரே தவிர, கண்ணாடி முழுவதையும் துடைத்து முடிக்கும்வரை அவர் நகரவில்லை.