டார்ஜிலிங்கில் படிந்த பேரம்

லண்டன் டூட்டிங்கில் பலசரக்குக் கடை நடத்தும் ஸ்ரீஸ்கந்தராஜா, டார்ஜிலிங்கில் ஏழு இடம் சுற்றிக்காட்டும் டாக்சியைப் பாதி விலைக்கு மடக்கிய கதையைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அளந்துகொண்டிருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்த மனைவியின் தம்பி கீர்த்தனன், "கஞ்சன்ஜங்காவில சூரியன் எழும்புறதைப் பாத்தனீங்களோ, அத்தான்?" என்றான்.

விலை இறங்க இறங்க, டாக்சிக்காரனும் ஒவ்வொரு இடமாகக் கழித்துக்கொண்டே வந்திருந்தான். கடைசியில் மிஞ்சியவை ஒரு தேயிலைத் தோட்டமும் அவனுடைய மாமனாரின் சால்வைக் கடையும்தான்.

"அண்டைக்குச் சரியான முகில்" என்று மழுப்பினார்.

கல்லாவிலிருந்த மனைவி கமலாம்பிகை விடவில்லை. "என்ன முகில்? இவர் குறைக்கச் சொல்லி நிண்டார், அவன் இமயமலையையே குறைச்சுப்போட்டான்!"

கடையே சிரித்தது. ஸ்ரீஸ்கந்தராஜா நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஓம், பாக்கேல்லைத்தான். ஆனா பாக்காத மலைக்கு ஒரு சதமும் குடுக்கேல்லை, தெரியுமோ?"