பிரிண்டர் யார் கேட்டது?

டிரைவரம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அது தெரியாதவர்கள் அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்வார்கள். பத்தொன்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவள். குறுக்கே புகுந்த பைக்காரனை ஜன்னல் வழியாக ஒரே ஒரு வார்த்தை, அதுவும் மெதுவாகத்தான் கேட்பாள். அவன் அடுத்த நாலு சிக்னலுக்கு முந்தப் பார்க்காமல் பின்னாலேயே வருவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் ஒரு பழைய போர்வையை விரித்து, முந்தின நாள் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தன் நோட்டுப்புத்தகத்தோடு சரிபார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று நிறுத்தினாள்.

"என்னங்க, கிராபிக்ஸ் கார்டு எங்க?"

ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் அவள் புருஷன். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். பேப்பரை இறக்காமலே, "எல்லாம் அதுலயேதான் இருக்கும், நல்லாப் பாரு" என்றார்.

"நல்லாப் பார்த்தாச்சு. ஏழு சாமான் எழுதிக்கொடுத்தேன். ஏழு பெட்டி இருக்கு. ஏழாவது பெட்டியில பிரிண்டர் இருக்கு. பிரிண்டர் யார் கேட்டது?"

குரல் எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று இருபத்திரண்டு வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷனுக்குத் தெரியாதா? பேப்பர் தானாக மடங்கியது.

இந்த ஏழு சாமானுக்குப் பின்னால் எட்டு மாசக் கதை இருக்கிறது. எட்டு மாசத்துக்கு முன்னால் அவளுடைய இடது கண்ணில் ரத்தக்குழாய் அடைத்து, ஒரே வாரத்தில் பார்வை போய்விட்டது. டாக்டர் நல்லவர்தான். "ஒரு கண்ணை வெச்சே எல்லா வேலையும் செய்யலாம்மா, ஆனா தூரம் சரியாப் பிடிபடாது. பஸ் மட்டும் வேண்டாம்" என்றார். லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப்போன சாமான்களை வாங்கிவைக்கும் அறையில் அவளை உட்காரவைத்தார்கள். நாள் முழுக்கக் குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்பை எப்படி ஒருத்தன் மறந்துவிட்டுப் போவான் என்று யோசித்தே அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

ஒரு நாள் மதியம் டிப்போவின் பயிற்சி அறைப் பக்கம் போனாள். புது டிரைவர்களுக்கு ஓட்டிப் பழக ஒரு பெரிய திரையும் ஸ்டியரிங்கும் பெடலும் வைத்திருந்தார்கள். ஆள் இல்லாத நேரம். பயிற்சி கொடுப்பவர் பழைய பழக்கத்தில், "சும்மா உட்காருங்கம்மா" என்றார். உட்கார்ந்தாள். நாற்பது நிமிஷ ரூட்டை முழுசாக ஓட்டினாள். ஒரு இடத்தில்கூட நடைபாதையில் உரசவில்லை. இறங்கும்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. திரை என்பது தட்டைக் கண்ணாடி. அதில் ஆழமே கிடையாது. ரெண்டு கண் உள்ளவனுக்கும் அது தட்டைதான், ஒரு கண் உள்ளவளுக்கும் தட்டைதான். அங்கே அவள் யாருக்கும் ஒரு மாற்றுக் குறைந்தவள் இல்லை.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதாம், வீட்டிலேயே ஆடலாமாம். அதற்கேற்ற கம்ப்யூட்டர் கடையில் ரெடிமேடாக வாங்கினால் கட்டுப்படியாகாது. சாமானை வாங்கி நாமே மாட்டினால் கைக்கு அடங்கும். மூன்று மாசம் வீடியோ பார்த்தாள், எழுதினாள், அடித்தாள், திருப்பி எழுதினாள். ஸ்டியரிங்கும் பெடலும் டிப்போ எலக்ட்ரீஷியனிடம் பழசாகக் கிடைத்தன. திரைக்கு ஹால் டிவி போதும். கலர் கலராக லைட் எரிகிற டப்பா வேண்டாம், தகர டப்பா போதும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கிராபிக்ஸ் கார்டு நல்லதாக வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டில் பஸ்ஸுக்கு மூன்று கண்ணாடி. ரோட்டைக் காட்டுவதோடு, மூன்று கண்ணாடியிலும் பின்னால் வருவதையும் அதே நேரத்தில் காட்ட வேண்டும். சாதாரணக் கார்டு போட்டால் கண்ணாடி மங்கிவிடும், இல்லாவிட்டால் திக்கித் திக்கி நகரும். கண்ணாடி தெரியாத பஸ்ஸை அவள் எந்த ஜன்மத்திலும் எடுக்கமாட்டாள், விளையாட்டானாலும் சரி.

சனிக்கிழமை அவளுக்கு டியூட்டி. "நீ எழுதிக்கொடு, நான் வாங்கிட்டு வரேன்" என்று இவர்தான் முன்வந்தார். எவ்வளவு அக்கறை பார் என்று அவளும் மயங்கிப்போனாள்.

"இல்லம்மா," என்று இப்போது ஆரம்பித்தார் கிளார்க். "வீட்டுக்கும் உபயோகமா ஒண்ணு இருக்கட்டுமேன்னு பார்த்தேன். அந்தக் கார்டு விலையில பாதிகூட இல்ல பிரிண்டரு. மிச்சத்தை அப்படியே பத்திரமா வெச்சிருக்கேன்."

"எதைப் பிரிண்ட் பண்ணப்போறோம்?"

"எவ்வளவோ இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "ஃபாரம் எல்லாம்."

"கார்டு இல்லாம?"

"கார்டு இல்லாட்டி என்ன? எங்க ஆபீஸ்ல பன்னிரண்டு கம்ப்யூட்டர் இருக்கு, ஒண்ணுலகூடக் கார்டு கிடையாது. எல்லாம் ஜம்முனு ஓடுது. உன் விளையாட்டு கொஞ்சம் மெதுவா ஓடும், அவ்வளவுதானே? பொறுமையா ஓட்டேன், என்ன அவசரம்?"

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது என்றால் இதுதான். பத்தொன்பது வருஷம் நேரத்துக்கு வண்டி எடுத்தவளிடம், என்ன அவசரம் என்கிறார்! அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போர்வையில் உட்கார்ந்தாள்.

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். பாவம், பிரச்சினை முடிந்தது என்று நினைத்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு வேடிக்கை பார்க்கவும் ஆரம்பித்தார்.

மதர்போர்டை அட்டைமேல் வைத்தாள். பிராசஸரின் மூலையில் இருந்த சின்ன முக்கோணத்தைப் பார்த்து, அதே மூலைக்கு நேராக உட்காரவைத்துக் கொக்கியை மடக்கினாள். விசிறியை மாட்டினாள். மெமரித் துண்டுகள் இரண்டும் டக் டக்கென்று உட்கார்ந்தன. தகர டப்பாவுக்குள் ஸ்குரூ போடும்போதுதான் கஷ்டம். ஓட்டை எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. முதலில் விரலை விட்டு ஓட்டையைத் தொட்டுப் பார்த்து, அப்புறம் விரலோடு சேர்த்தே ஸ்குரூவைக் கொண்டுபோனாள். தகர விளிம்பு இரண்டு இடத்தில் கீறிவிட்டது.

"நான் பிடிக்கட்டுமா?"

"வேணாம். உட்காருங்க."

ஒன்றரை மணி நேரத்தில் முடித்தாள். டிவி வயரைச் சொருகினாள். "வாங்க, நீங்களே உங்க கையால ஸ்விட்சைப் போடுங்க" என்றாள்.

அவர் பெருமையாகப் போட்டார். விசிறி சுற்றியது. டிவியில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. வந்தது வந்தபடியே நின்றது.

"வயர் லூஸா இருக்கோ?"

"பாருங்களேன்."

பார்த்தார். பிடுங்கிச் சொருகினார். ஸ்விட்சை அணைத்துப் போட்டார். டிவியைத் தட்டினார். அப்புறம் திருதிருவென்று முழித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பிராசஸர்ல ரெண்டு ரகம் இருக்கு," என்றாள் அவள். "ஒண்ணு தானே படம் காட்டும். இன்னொண்ணு காட்டாது, கார்டு இருந்தாத்தான் திரையில ஏதாவது வரும். அது கொஞ்சம் விலை கம்மி. எப்படியும் கார்டு போடப்போறோமேன்னு அதை எழுதினேன். மிச்சமானதைக் கார்டுல போட்டேன். ஒண்ணை விட்டு ஒண்ணைப் பிடிச்சேன். நீங்க பிடிச்சதையும் பிடுங்கிட்டீங்க. விளையாட்டு மெதுவா ஓடும்னீங்களே, இதுல மணி எத்தனைன்னுகூடப் பார்க்க முடியாது. எங்க, உங்க ஃபாரத்தைப் பிரிண்ட் பண்ணுங்க, பார்ப்போம்."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டா நீ விட்டிருக்கமாட்டே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் விடுவாளா? "ஓ. அப்போ பிரிண்டர் சும்மா சாக்கு. ஏன் எடுத்தீங்க? சொல்லுங்க."

ரொம்ப நேரம் பூசி மெழுகப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் டிவியைப் பார்த்தபடியே பேசினார்.

"பத்தொன்பது வருஷம். நீ வண்டி எடுத்துட்டுப் போனா, திரும்பி வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு உயிர் கையில இருக்காது. ஆபீஸ்ல போன் அடிச்சா உன் டிப்போவாத்தான் இருக்கும்னு நெனப்பேன். எங்கயோ பஸ் கவிழ்ந்துச்சுன்னு நியூஸ் வந்தா முதல்ல வண்டி நம்பரைத்தான் தேடுவேன். உன்கிட்ட ஒரு நாள் சொன்னதில்ல. இப்ப இந்த எட்டு மாசமாத்தான் நிம்மதியாத் தூங்கறேன். நீ பாட்டுக்கு மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிச்சா, அப்புறம் ஆசை வரும். அப்பீல் பண்றேன்னு கிளம்புவே. நான் மறுபடியும் அந்த மாதிரி..."

"அப்ப என் கண்ணு போனது உங்களுக்கு நல்லதாப் போச்சு."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஐயையோ, என்ன பேச்சு இது என்று பதறியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனாரே, மணி பார்த்துச் சொட்டு மருந்து விட்டாரே, அதெல்லாம் நம்மோடு சேர்ந்து துக்கப்படுகிறார் என்றல்லவா நினைத்தோம்! நாம் கூரையைப் பார்த்துக்கொண்டு விழித்துக் கிடக்க, பக்கத்தில் படுத்திருந்த மனுஷன் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். பயந்திருந்தால் சொல்லியிருக்கலாம். எத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தோம்! வாயே இல்லையா இவருக்கு?

எழுந்து பிரிண்டர் பெட்டியைத் தூக்கினாள்.

"நானும் வரேன். பில்லு என் பேர்ல இருக்கு."

"பில்லைக் குடுங்க. மிச்சம்னீங்களே, அதையும் குடுங்க. பேரை நீங்களே வெச்சுக்கங்க."

கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியையும் பில்லையும் பார்த்ததும், "சார் வரலையா மேடம்?" என்றார்.

"எதுக்கு?"

"இல்ல, சார்தான் நேத்து வந்து மாத்தினாரு. பையன் விளையாட்டுக்குப் போய் இவ்வளவு பெரிய கார்டு எதுக்குன்னு..."

"பையனா?"

"உங்க பையனுக்குத்தானே மேடம் இதெல்லாம்?"

கூசியிருக்கிறது! பெண்டாட்டி விளையாடப்போகிறாள் என்று வெளியே சொல்லக் கூசி, இல்லாத பிள்ளையைப் பெற்றுவிட்டார். அவள் பெட்டியைக் கல்லாமேல் வைத்தாள்.

"எனக்குப் பையன் கிடையாது. ஒரே பொண்ணு, கட்டிக்கொடுத்தாச்சு. விளையாடப்போறது நான். சீல் உடைக்கல, பார்த்துக்கங்க. என் நோட்டுல எழுதியிருக்கிற கார்டை எடுங்க."

"உங்களுக்கா மேடம்?" என்று சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். "இதே விலையில லைட் எரியற மாடல் ஒண்ணு..."

"நோட்டுல என்ன எழுதியிருக்கு?"

கார்டு வந்தது.

வீட்டுக்கு வந்து கார்டை அதன் இடத்தில் அழுத்தி, அதற்குரிய தனி மின்வயரை மாட்டி, டிவி வயரைக் கார்டில் சொருகி ஸ்விட்சைப் போட்டாள். திரை விழித்துக்கொண்டது. அப்புறம் விளையாட்டை இன்டர்நெட்டிலிருந்து இறக்க, கம்ப்யூட்டரில் ஏற்ற என்று மத்தியானம் முழுக்கப் போயிற்று. நாலு மணிக்கு நாற்காலியை டிவிக்கு நேராகப் போட்டு, பெடல்களைக் காலுக்கு இழுத்துக்கொண்டு, டீப்பாயில் பொருத்திய ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

முதலில் கண்ணாடிகளைச் சரிபண்ணினாள். இடது, வலது, உள்ளே. மூன்றும் பளிச்சென்று இருந்தன. இடது கண்ணாடியில் பின்சக்கரமும் நடைபாதை ஓரமும் தெரிந்தன. எட்டு மாசமாக அவளுக்கு இடது பக்கம் என்று ஒன்று இல்லை, இப்போது இருந்தது. கதவை மூடினாள், சிக்னல் போட்டாள், வண்டியை எடுத்தாள். முதல் திருப்பத்தில் தோள் தானாகச் சாய்ந்தது. "அப்படிப் போடு!" என்று தன்னையறியாமல் கத்திவிட்டாள். இந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது.

கிளார்க் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக வந்தார். இடது பக்கம் நின்றால் அவளுக்குத் தெரியாது என்பதால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"நான் நெனச்சது தப்புதான். உன் கண்ணு போனதுல நான் சந்தோஷப்பட்டேன்னு நீ நெனைக்காத, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

அவள் ரோட்டிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"வண்டி ஓடும்போது டிரைவர்கிட்டப் பேசக்கூடாது."

ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள். அடுத்த ஸ்டாப்பில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். அவள் வேகத்தைக் குறைத்து, நடைபாதைக்கு ஒரு சாண் விட்டு நிறுத்தி, கதவைத் திறந்தாள்.