சகாயம்மாளின் நெகட்டிவ்

மூன்றாவது தடவையாக ஒயரைப் பிடுங்கிச் சொருகினார் அப்துல் அஜீஸ். ஸ்கேனரில் பச்சை விளக்கு எரிந்தது. புதுக் கம்ப்யூட்டரோ அப்படியொரு சாமான் வந்து சேரவே இல்லை என்று சாதித்தது.

"வெளக்கு எரியுதுல்ல? அப்புறம் என்ன கேடு அதுக்கு?" என்றார் பெரியநாயகசாமி.

"பதினாறு வருசத்து ஸ்கேனருண்ணே. பழைய கம்ப்யூட்டருக்கு இத நல்லாத் தெரியும். அத போன மாசந்தான் காயலான் கடையில போட்டேன். புதுசுக்கு இத யாருன்னே தெரியல."

"உனக்குத் தெரியுதுல்ல? நீ சொல்லு அதுக்கிட்ட."

சிரிக்கப் போன அஜீஸ் அடக்கிக்கொண்டார். முத்துப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். இப்போது அதே கடையில் ஜெராக்ஸ் மட்டும்.

பெரியநாயகசாமியின் மனைவி சகாயம்மாள் விடியற்காலையில் செத்துப்போனாள். வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறாள். நாலு மணிக்கு அடக்கம். இருந்த போட்டோவெல்லாம் கஜா புயலில் கூரையோடு போய்விட்டன. தலைமாட்டில் வைக்க ஆதார் படத்தைப் பெரிசாக்கலாம் என்றாள் மகள் எல்சி. "திருடி மாதிரி இருக்கா அதுல" என்று கத்திவிட்டு, பிஸ்கட் டின்னில் தப்பிக் கிடந்த பிலிம் துண்டோடு கிழவர் சைக்கிளை மிதித்து வந்திருந்தார். செல்போனில் எடுத்துப் பார்த்தால் பேய் மாதிரி வந்தது. ஸ்கேனர்தான் கதி.

போன் அடித்தது. "அப்பா, ஃபாதர் மூணரைக்கே வந்துருவாராம்."

"வர்றேன், வையி."

அஜீஸ் எங்கெங்கோ தேடி ஒரு சாப்ட்வேரை இறக்கினார். திரையில் மஞ்சள் முக்கோணம் வந்து நின்றது.

"அண்ணே, இத யாரு செஞ்சான்னு தெரியல, நம்புறது ஒங்க பாடுன்னு சொல்லுது. போட்டா ஓடலாம். கம்ப்யூட்டரே படுத்தாலும் படுத்துரும். என் பொழப்பே இதுலதான். ஒங்களுக்காகப் போடுறேன், சொல்லுங்க."

பெரியநாயகசாமி அந்த மஞ்சள் முக்கோணத்தையே பார்த்தார்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டரம்மா இப்படித்தான் காத்து நின்றாள். குடல் ஓட்டையாகிவிட்டது, உடனே ஆபரேஷன், கையெழுத்துப் போடுங்க என்றாள். தாள் முழுக்க இங்கிலீஷ். அவருடைய அப்பா அப்படியொரு தாளில் கைநாட்டு வைத்துத்தான் இரண்டு மா நிலத்தை விட்டார். "நாலு பேரக் கேட்டுட்டு வந்துதான் போடுவேன்" என்று பெரியநாயகசாமி ஊருக்குப் பஸ் ஏறினார். கேட்டுத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "இனிமே போட்டு என்னங்கய்யா" என்றாள் டாக்டரம்மா. சகாயம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுக்கப்புறம் இருந்த நாலு நாளும் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தாள்.

"அண்ணே, நேரமாவுது."

"போடு."

"யோசிச்சு..."

"போடுங்கிறேன்ல!"

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. ஸ்கேனர் முனகியது. மூடியின் இடுக்கில் வெளிச்சக்கோடு ஒன்று மெல்ல நகர்ந்தது. திரையில் மேலிருந்து கீழாக, முதலில் வேப்பங்கிளை, அப்புறம் நெற்றி, அப்புறம் கண்கள். பம்புசெட்டுக்குப் பக்கத்தில் இடுப்பில் குடத்தோடு நின்றாள், முப்பது வயசு இருக்கும்.

"ரொம்பத் தெளிவா வந்துருக்குண்ணே," என்றார் அஜீஸ். "நேரா நம்மளத்தான் பாக்குறாங்க. பிரிண்ட் குடுத்துரவா?"

பெரியநாயகசாமி தோளிலிருந்த துண்டை எடுத்துத் திரையைத் துடைத்தார். அங்கே தூசி ஒன்றும் இல்லை. மறுபடியும் துடைத்தார்.