இரண்டு சீசா கறுப்புத் தூள்

சீசாக்கள் இரண்டும் நான் வைத்த இடத்தில் இல்லை. அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருந்தேன். இப்போது கீழே, ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் நின்றன.

“உம்மா, இதைத் தொறந்தியா?”

“நான் ஏன்மா தொறக்கறேன்?” உம்மா இறாலை உரித்து மஞ்சள் பிசறிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

சோடியம் பேட்டரிக்கு நேர்மின்வாயாக வைக்க, ஒரு வருஷம் உலையில் போட்டு வறுத்து வறுத்து நான் செய்த தூள் அது. ஈரக்காற்று பட்டால் போச்சு. கெட்டதா நல்லதா என்று பார்த்தால் தெரியாது. திறந்து பார்த்தால் அதிலேயே கெட்டுவிடும். நாளைக் காலை மெட்ராஸில் சோதனை. இதில் தேறாவிட்டால் சோடியத்தை மூட்டை கட்டிவிடு என்று பேராசிரியர் சொல்லியாகிவிட்டது. 1983-ல் எல்லாரும் லித்தியம், லித்தியம் என்று பறந்தார்கள். உப்பு கொட்டிக்கிடக்கிற பழவேற்காட்டில் பிறந்தவள் லித்தியத்தை எங்கே போய்ப் பொறுக்குவது? கல்லூரியில் வெள்ளையடிக்கிறார்கள், எவன் கை வைப்பானோ என்று பெருநாளுக்கு வீட்டுக்கே தூக்கிவந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு சீசாவின் வெள்ளை மூடியில் மஞ்சள் விரல்தடம். விளிம்பில், தூள் ஒட்டிய இடத்தில் மட்டும் அது சிவந்திருந்தது. சுண்ணாம்பு பட்டதுபோல, தூளின் காரம் பட்டாலும் மஞ்சள் சிவக்கும்.

“அப்போ இது இன்னா?”

உம்மாவின் கை நின்றது. “ஏரிக்காத்துல எல்லாம் நமுத்துப்பூடுது. கருவாடு, அப்பளம், அல்லாத்தையும் வெயில்ல வெக்கிறோம். ஒன் தூள் மட்டும் தாங்குமானு தட்டுல கொட்டிக் காயவெச்சேன்.”

“தொறக்காதேனு தலைபாடா அடிச்சிக்கினேனே.”

மற்ற சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடி சுத்தமாக இருந்தது. சோதனைக்கு ஒன்று போதும். உயிர் வந்தது. அதைப் பையில் வைத்துச் செருப்பை மாட்டினேன். தெருமுனையில் பொன்னேரி பஸ் ஹார்ன் அடித்தது.

“சுராயா.” உம்மா வாசல்வரை வந்துவிட்டாள். “அதையுந்தான் தொறந்தேன். கை கழுவிட்டுத் தொறந்தேன்.”

பஸ் போய்விட்டது. ஆத்திரத்தில் அழுதேன். ஆனால் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால், நாளைக்குக் கெட்ட தூளைச் சோதித்து, சோடியமே உதவாது என்று முடித்திருப்பார்கள். நானும் நம்பியிருப்பேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தேன். பேராசிரியருக்கு ட்ரங்க் கால் போட வேண்டும். தூள்தான் சார் கெட்டது, சோடியத்தை நாம் இன்னும் சோதிக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும்.