நாலாவது முயற்சி

ட்ரூடியின் மதுக்கடையே ஒரு முழம் எழும்பிக் கீழே விழுந்தது போலிருந்தது அந்தக் கூச்சல். யாரோ தட்டிவிட்ட பியர்க் குவளை தரையில் விழுந்து நொறுங்கியது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. தொலைக்காட்சியில், அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில், அவர்கள் ஊர் அணியின் பையன் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி எல்லைக்கோட்டுக்கு உள்ளே உருண்டு கிடந்தான். டச்டவுன். நான்கு புள்ளி பின்தங்கியிருந்த அணிக்கு, ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லாதபோது, ஆறு புள்ளி. பிளம்பர் மில்ட், பக்கத்தில் நின்ற ஓட்டிஸை இடுப்போடு தூக்கியே விட்டான். லோரெட்டா மட்டும் எழுந்திருக்கவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள்.

திறந்தபோது கடையில் சத்தமே இல்லை. திரையில், பச்சைத் தரையின் மேல் ஒரு மஞ்சள் துணி கிடந்தது. நடுவர் வீசிய கொடி. ஊர் அணியின் எழுபத்தோராம் எண்காரன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டானாம். எடுத்த புள்ளி செல்லாது. பத்து கஜம் பின்னால் போய் மறுபடி ஆட வேண்டும். ஆடினார்கள். மிச்சமிருந்த இரண்டு முயற்சியிலும் பந்து தரையைத்தான் தொட்டது. தோற்றால் வெளியே என்கிற கட்டம்; அவ்வளவுதான், சீசன் முடிந்தது.

லோரெட்டாவின் தோளிலிருந்து என்னவோ இறங்கியது. அது நிம்மதி என்று புரிந்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது. பக்கத்தில் இருந்த கணவனைத் திருட்டுத்தனமாகப் பார்த்தாள். காஸ் தட்டிலிருந்த கோழி இறக்கையை எலும்பு தெரியக் கடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உதடுகள் மட்டும் லேசாக நீலம் பாரித்திருந்தன, இந்த இலையுதிர்காலம் முழுக்க இருந்தது போலவே.

செப்டம்பரில் டாக்டர் சொன்னார், இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, நெஞ்சைத் திறந்து மாற்றிவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று. காஸ் அமைதியாகக் கேட்டுவிட்டு, சீசன் முடியட்டும் என்றார். வேறு ஊராக இருந்தால் டாக்டர் சிரித்திருப்பார். இந்த ஏரிக்கரை ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காகக் கல்யாணத்தைத் தள்ளிவைப்பார்கள், ஞானஸ்நானத்தைத் தள்ளிவைப்பார்கள், பாதிரியாரே பிரசங்கத்தைப் பாதியில் முடித்துக்கொள்வார். கடையில் அத்தனை பேரும் அதுதான் நியாயம் என்றார்கள். 'நம்ம ஆளுங்களப் பத்தித் தெரியாதா, புது வருஷம் பொறக்கறதுக்குள்ள மூட்டை கட்டிடுவாங்க' என்று மில்ட் அவளுக்குச் சமாதானம் சொன்னான். சொல்லி வைத்தாற்போல இந்த வருஷம் பார்த்துத்தான் அணி ஜெயித்தது. மழையில் ஜெயித்தது, பனியில் ஜெயித்தது, தோற்க வேண்டிய ஆட்டத்தையெல்லாம் ஜெயித்தது. ஒவ்வொரு வெற்றிக்கும் காஸ் மாடிப்படியில் ஒரு படி முன்னதாகவே நின்று மூச்சு வாங்கினார். ஊரே அணிக்காக மெழுகுவத்தி ஏற்றிய மாதா கோயிலில், பிறந்ததிலிருந்து வேறு அணியை ஏறெடுத்துப் பாராத லோரெட்டா முழங்காலிட்டு, இந்தப் பாவிகள் தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

இப்போது தோற்றாயிற்று. தோற்றதற்கு ஆள் பிடிக்கும் வேலை கடையில் ஆரம்பமானது. நடுவருக்குக் கண் இல்லை என்றார்கள், காசு வாங்கிவிட்டான் என்றார்கள். கடைசி நிமிஷத்தில் இதற்கெல்லாமா கொடி வீசுவது, ஆட்டக்காரர்களே முடிவு பண்ணிக்கொள்ள விட வேண்டாமா என்று ஓட்டிஸ் மேஜையைக் குத்தினான். அந்தக் காட்சியைத் திரையில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

"பிடிச்சுதான் இழுத்தான்," என்றாள் லோரெட்டா. "கையப் பாருங்க, சட்டை கிழியற மாதிரி இருக்கு. முதல் நிமிஷம்னா என்ன, கடைசி நிமிஷம்னா என்ன, தப்பு தப்புதானே?"

நாலு மேஜை திரும்பிப் பார்த்தது.

"தாயே, நீ எந்த ஊரு?" என்றான் மில்ட். "ட்ரூடி, இவங்களுக்கு இனிமே காசு வாங்கிட்டுதான் பியர் ஊத்தணும். எதிரி நாட்டுக்காரங்க."

சிரித்தார்கள். காஸ் சிரிக்கவில்லை. அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி தட்டைப் பார்த்தார்.

பேச்சு கோச்சுக்குத் தாவியது. கொடியெல்லாம் சும்மா, கோட்டை விட்டது அதற்கு முன்னாலேயே என்றான் மில்ட். நாலு நிமிஷம் மிச்சம், ஏழு புள்ளி பின்னால், நாலாவது முயற்சி, அதோடு பந்து கைமாறிவிடும், எல்லைக்கோட்டுக்கு இரண்டே கஜம். பாய்ந்திருந்தால் ஆறும், அதையொட்டிய உதையில் ஒன்றுமாக அப்போதே சமன். அந்தக் கோழை என்ன செய்தான்? பந்தை உதைக்கச் சொல்லி மூன்று புள்ளி பொறுக்கிக்கொண்டான். எல்லோரும் காஸைப் பார்த்தார்கள். இந்த விஷயத்தில் கடைசித் தீர்ப்பு எப்போதும் காஸுடையதுதான். நாலாவது முயற்சியில் பந்தை உதைக்கிற கோச்சுக்கு முதுகெலும்பு கிடையாது என்று முப்பது வருஷமாக இதே மேஜையில் அடித்துச் சொல்லி வந்தவர் அவர்.

"உதைச்சது சரிதான்," என்றார் காஸ்.

மில்ட் வாயைப் பிளந்தான்.

"பாஞ்சு, கிடைக்கலேன்னா? உள்ளதும் போச்சு. அந்த மூணு கையில இருக்கற மூணு. அத வாங்கிட்டு, இருக்கற வரைக்கும் ஆடிட்டுப் போகலாம்."

வயசாயிடுச்சு காஸுக்கு என்று ஓட்டிஸ் கேலி செய்தான். லோரெட்டாவுக்கு ஏனோ அவருடைய அண்ணன் லியோ ஞாபகம் வந்தது. இதே ஆபரேஷனுக்குத் தன் காலால் நடந்து போன லியோ, கடைசி எட்டு மாதம் படுக்கையில் கிடந்து, அவள் கரண்டியால் ஊட்டிய கஞ்சியை விழுங்கத் தெரியாமல் போய்ச் சேர்ந்தார். தினமும் வேலை முடிந்து வந்து அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் காஸ். அந்த நினைப்பைத் தள்ளிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஏரிப்பக்கமிருந்து காற்று பனியை வாரி அடித்தது. காருக்குப் போய்ச் சேர்வதற்குள் காஸ் இரண்டு தடவை நின்றார். இரண்டாவது தடவை, அடுத்தவன் கார் மேல் கையூன்றி, தெருவிளக்கைப் பார்ப்பது போல நடித்தார். அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு, கண்ணாடியில் உறைந்த பனியை லோரெட்டா சுரண்டினாள். வேகமாகச் சுரண்டினாள். மாதக்கணக்கில் அவளுக்குள் காத்திருந்த காரியங்கள் வரிசைகட்டி வந்தன. நாளை காலை ஆஸ்பத்திரிக்குப் போன். அக்காவிடம் நாயை விட வேண்டும். கீழ் அறையில் கட்டில் போட வேண்டும், ஒரு மாதத்துக்கு மாடி ஏற விடமாட்டார்கள்.

வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஊரே துக்கம் கொண்டாடும்போது தன் குரல் இப்படிக் குதிக்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

"ஆட்டம் முடிஞ்சுது காஸ். காலையில எட்டு மணிக்கெல்லாம் டாக்டருக்குப் போன் பண்ணிடறேன்."

அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சுரண்டிய இடத்தில் பனி மறுபடி படியத் தொடங்கியிருந்தது. அவள் கையைத் தேடிப் பிடித்து, கையுறையோடு தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பண்ணாத, லோரி. சீசன் முடிஞ்சாலும் வரமாட்டேன்னு செப்டம்பர்லயே அவர்கிட்ட சொல்லிட்டேன்."