ஒடெஸா எழுதாத பிளாக்குகள்

"ஏழடி வளர்ந்து என்ன புண்ணியம்? சொந்த ஊர்ல ஆடுறப்போ தூங்குறானே!" ஹாஸ்கெல், ஜார்விஸ் பெட்வேயின் பெயரட்டையைப் பலகையின் அடிவரிசைக்குத் தள்ளினார். அந்தத் தொழில்முறைக் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுப்பதில் அவர் சொன்னால் சொன்னதுதான். கல்லூரிப் பையன்களை அணிகள் பொறுக்கிக்கொள்ளும் டிராஃப்டுக்கு இன்னும் மூன்றே நாள்.

புள்ளிவிவரம் பார்க்கும் லோர்னாவுக்கு மனசு கேட்கவில்லை. ஜார்விஸுக்குக் கூடையில் பந்து போடவே வராது, உண்மைதான். அவன் பிழைப்பே பிளாக்கில்தான்: கூடைக்குப் போகும் பந்தைக் குறுக்கே பாய்ந்து தட்டிவிடுவது. வெளியூரில் ஆட்டத்துக்கு மூன்றுக்கு மேல். அலபாமாவில் அவனுடைய சின்னக் கல்லூரி அரங்கிலோ ஒன்றரைகூடத் தேறவில்லை. உள்ளூர் ஆட்டத்தில் கணக்கு எழுதுவது அந்தந்தக் கல்லூரி ஆள்தான், எந்தக் கல்லூரியும் தன் பையனுக்குத் தாராளமாகத்தான் எழுதிக்கொள்ளும் என்று, உள்ளூர் பிளாக்குகளில் பத்தில் ஒரு பங்கை வெட்டுவது இவர்கள் அலுவலக வழக்கம். பாவம், இருந்த ஒன்றரையிலும் வெட்டு!

லோர்னா உள்ளூர் ஆட்டம் ஒன்றின் வீடியோவைப் போட்டு எண்ணினாள். ஐந்து. கல்லூரி அனுப்பிய தாளில் இரண்டு. இதென்ன கூத்து! உடனே போன் போட்டு, அங்கே ஸ்கோர் எழுதுபவரைக் கேட்டாள்.

"நாலு வருஷமா நான்தான் எழுதுறேன், கண்ணு. தப்பு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"ஜார்விஸுக்கு வீடியோவுல அஞ்சு பிளாக் இருக்கும்மா. நீங்க ரெண்டுதான் எழுதியிருக்கீங்க."

"விரல்நுனி பட்டுச்சா இல்லையான்னு சந்தேகம் வந்தா எழுத மாட்டேன்."

"மத்த பசங்களுக்கு?"

"அவங்களுக்கு எழுதிடுவேன்." பிறகு அவளே சொன்னாள்: "நான் ஒடெஸா பெட்வே. அவனைப் பெத்தவ. அம்மாக்காரி அள்ளிப் போட்டுட்டான்னு என் புள்ளைய யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுல்ல?" குரல் கம்மியது. "ஐயோ, நானே அவன் வாழ்க்கையக் கெடுத்துட்டேனா?"

லோர்னா அடுத்த வீடியோவைத் திறந்தாள். "அப்படிச் சொல்லாதீங்கம்மா. இன்னும் மூணு நாள் இருக்கு," என்றாள்.

நான்கு வருட உள்ளூர் ஆட்டங்களையும், எதிரணி பந்தை எறியும் இடங்களை மட்டும் ஓட்டி, ஒன்று விடாமல் பார்த்து முடித்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆட்டத்துக்கு மூன்றரை.

"பெத்தவ பேச்சை நம்பி ஆள் எடுக்கச் சொல்றியா?" என்று எகிறினார் ஹாஸ்கெல்.

"அவங்க ஒண்ணுகூடக் கூட்டிச் சொல்லலை சார். எண்ணினது நான். நீங்களே பாருங்க."

பார்த்தார். நாலாவது வீடியோவில் எழுந்துபோய், பெயரட்டையைத் தன் கையாலேயே மேல்வரிசையில் வைத்தார். டிராஃப்டில் அந்த அணி ஜார்விஸின் பெயரைத்தான் சொன்னது.

மறுநாள் காலை ஒடெஸா அழைத்தாள். "அன்னிக்கு நீ சொன்ன வீடியோவ நானும் போட்டுப் பார்த்தேன், கண்ணு. நீ எண்ணினது தப்பு."

லோர்னா அவசரமாகத் தன் கணக்குத் தாளை எடுத்தாள்.

"அஞ்சு இல்ல, ஆறு." ஒடெஸா அழுதுகொண்டே சிரித்தாள். "என் புள்ள ஆறு தட்டியிருக்கான்."