நாரிநோவுப் பலகை

தான் படிப்பிக்கும் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கென்று முஸ்பிறா புதிதாகத் தைத்து வைத்திருந்த சந்தன நிற அபாயாவில், அயன் பெட்டி ஒரே இழுப்பில் நீளமாக ஒரு மெழுகுப் பட்டையைப் பூசிவிட்டது. அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அயனைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் மெழுகு உருகி, நுனியில் சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அயனையும் மெழுகையும் சேர்த்து நினைக்கக்கூடிய ஆள் ஒருவன்தான்.

அவள் புருஷன் பர்ஸான் பின் விறாந்தையில், இரண்டு கதிரைகளுக்குக் குறுக்கே ஒரு பலகையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் அடிமட்டத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

பர்ஸானுக்கு டுபாயில் வேலை. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே செயற்கைப் பனியைக் கொட்டி வைத்து ஆட்களைச் சறுக்கி விளையாட விடும் மண்டபம் ஒன்று. அங்கே அவனுக்கு என்ன வேலை என்று சொந்த ஊரான சாய்ந்தமருதில் எவருக்கும் சரியாகத் தெரியாது. "மெயின்டனன்ஸ்" என்று அவன் ஒருமுறை சொன்னதை, முஸ்பிறாவின் மூத்த சகோதரி, ராத்தா பாஹிமா, "எஞ்சினியர்" என்று ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அவனும் அதைத் திருத்தவில்லை. இந்த முறை லீவில் வந்தபோது, அங்கே கழித்துப் போட்ட பனிச்சறுக்குப் பலகையொன்றைக் கம்பளிக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். கிட்டத்தட்ட ஆளுயரம். இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்திருந்தன. சுற்றிவர மெல்லிய இரும்பு விளிம்பு.

சாய்ந்தமருதில் பனி என்றால் மாசி மாதத்து விடியலில் மோட்டார் சைக்கிள் சீட்டில் படிந்திருக்கிற ஈரம்தான். ஆனாலும் பர்ஸான் அந்தப் பலகையைப் பச்சைப் பிள்ளை போலப் பார்த்தான். கடற்காற்றுப் பட்டு விளிம்பில் துரு கண்டால் எமரித் தாளால் தேய்த்து, அரத்தால் கூர் பிடிப்பான். அயனை மட்டான சூட்டில் வைத்து, மெழுகுக் கட்டியை அதில் தொட்டு, அடிப்பக்கம் முழுக்கச் சொட்டுவான். பிறகு அயனாலேயே இழுத்துப் பரப்பி, ஆறவிட்டு, அத்தனையையும் சுரண்டி எடுத்து, சப்பாத்து பிரஸால் மினுக்குவான்.

"சுரண்டி எறியிறதுக்கு எதுக்குப் பூசுற?" என்று முஸ்பிறா கேட்டாள்.

"உள்ளுக்கு ஊறினதுதான் வேலை செய்யும் புள்ள. மேல நிண்டா பனியில இழுத்துப் பிடிக்கும்" என்றான் அவன், தலையை நிமிர்த்தாமலே. பழைய அபாயாவை உடுத்திக்கொண்டு அவள் விழாவுக்குப் போனதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

முஸ்பிறாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. யோசனைதான் வரும்.

மறுநாள் பர்ஸான் கல்முனைச் சந்தைக்குப் போயிருந்த நேரம், பக்கத்து வளவிலிருந்து பாஹிமா வந்தாள். சுவரில் சாத்தியிருந்த பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு இது என்ன சாமான் என்று கேட்டாள். முஸ்பிறா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், இடுப்பைப் பிடிக்கிற நாரி நோவுக்கு அரபிகள் பாவிக்கிற பலகை என்றாள். மெழுகைச் சூடாக்கி அடியில் பூசி, மேலே மல்லாக்கப் படுத்தால் அந்தச் சூடு நாரிக்குள் இறங்குமாம். இதனால்தான் ஒட்டகத்தில் எவ்வளவு தூரம் போனாலும் அரபிகளுக்கு நாரி நோவே வருவதில்லையாம்.

பாஹிமாவுக்கு நாரி நோவு வந்து வருஷக்கணக்கு. அவள் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் வீட்டுப் பாயைக் கொண்டுவந்து முன் விறாந்தையில் விரித்து, பலகையை அதில் கிடத்தச் சொல்லி, பிஸ்மில்லாஹ் சொல்லிப் படுத்துவிட்டாள். பலகையின் நடுப்பகுதி கொஞ்சம் மேலெழும்பிய வளைவு. அது முதுகுக்குக் கீழே மெல்லத் தாழ்ந்து கொடுத்தது. பாஹிமா கண்ணை மூடினாள். எழும்பும்போது முகம் தெளிந்திருந்தது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு முஸ்பிறா குசினிக்குள் ஓடினாள். விஷயம் அத்தோடு முடியும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் ராத்தாவின் வாயை அவள் குறைத்து மதித்துவிட்டாள். அடுத்த நாள் பர்ஸான் லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது, அவனுடைய வீட்டு வாசலில் பெண்களின் செருப்புகள் குவிந்து கிடந்தன. விறாந்தையில் அவனுடைய பலகையில் யாரோ ஒரு மாமி படுத்திருந்தார். மற்றவர்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

"மருமகன் வந்திட்டார்கா. சூடு போதாது, மெழுகு பூசித் தரச் சொல்லுங்க" என்றார் அந்த மாமி, கண்ணைத் திறவாமலே.

பர்ஸான் முஸ்பிறாவைக் குசினிக்குள் கூப்பிட்டான். "என்ன வேலை புள்ள இது?"

"எஞ்சினியர் எண்டு ராத்தா சொல்லக்குள்ள வாய மூடிட்டு இரிந்தீங்கதானே. இப்ப நான் டொக்டராக்கிட்டன். அதுக்கும் வாய மூடிட்டு இரிங்க" என்றாள் அவள்.

அவன் விறாந்தைப் பக்கம் எட்டிப் பார்த்தான். விறாந்தையில் அவனை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு முன்னால் உண்மையைச் சொல்ல வெட்கம். கடைசியில் அயனை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையைப் புரட்டினான். அந்தக் கிழமை முழுவதும் அவனுக்கு ஓய்வில்லை. முஸ்பிறா பாடசாலை விட்டு வந்து தேத்தண்ணி குடித்தபடி அவன் மெழுகு பூசுவதை ரசித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பாஹிமாவின் புருஷன் சீனிமுகம்மது வந்தார். சவளக்கடையில் வயல் செய்கிறவர், நல்ல பாரியான ஆள்; பர்ஸானுக்கு அண்ணன் முறை, காக்கா. பெண்கள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருந்தார். பாயைப் பாஹிமா கழுவிக் காயப்போட்டிருந்ததால், பலகையை மாபிள் தரையிலேயே வைக்கவேண்டி வந்தது. பர்ஸான் அப்போதுதான் மெழுகு பூசி, சுரண்டி, மினுக்கி முடித்திருந்தான். பழக்க தோஷம், அரைகுறையாக விட அவனுக்கு வராது.

சீனிமுகம்மது படுத்துப் பார்த்துவிட்டு, வியர்க்குது, ஃபேனுக்கு நேரே கொஞ்சம் தள்ளிவிடு என்றார். பர்ஸான் அவருடைய தோள்பட்டையில் கைவைத்துச் சும்மா ஒரு தள்ளுத்தான் தள்ளினான்.

பலகை ஃபேனுக்குக் கீழே நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் விறாந்தையின் விளிம்புக்குப் போய், மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்காகப் போட்டிருந்த சீமெந்துச் சரிவில் இறங்கி, மழை ஈரம் காயாத முற்றத்து மணலில் வழுக்கிக்கொண்டு போய்க் கோழிக்கூட்டடியில் நின்றது. கோழிகள் மதிலுக்கு மேலால் பறந்தன. சீனிமுகம்மது கைகளை நெஞ்சில் கட்டியபடி வானத்தைப் பார்த்துக் கிடந்தார்.

பாஹிமா "யா அல்லாஹ்" என்றபடி ஓடிவந்தாள். முஸ்பிறாவும் முற்றத்துக்கு இறங்கி ஓடினாள். மச்சானுக்கு ஏதும் ஆகியிருந்தால் எந்த முகத்தோடு ராத்தாவைப் பார்ப்பது?

சீனிமுகம்மது மெல்ல எழும்பி உட்கார்ந்தார். பலகையின் விளிம்பை விரலால் தடவினார். "தம்பி, இது நாரிக்குரிய சாமானில்ல. உள்ளதச் சொல்லு, என்ன இது?"

பர்ஸான் முஸ்பிறாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐஸில சறுக்குற பலகை காக்கா. நான் எஞ்சினியரும் இல்ல, ஒண்டுமில்ல. வாறாக்கள்ர பலகையளுக்கு மெழுகு பூசி அயன் பண்றதுதான் என்ட வேலை."

சொல்லத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. கல்லில் உரசிக் கிழிந்த அடிப்பாகத்துக்கு உருக்கி ஒட்டுப் போடுவது, பழகுகிற பிள்ளைகளின் பலகைக்கு விளிம்பின் கூரைக் கொஞ்சம் மழுக்கிக் கொடுப்பது, நன்றாகப் பூசிய பலகை சறுக்கும்போது எழுகிற சத்தத்தைக் கேட்டே அது தன் கைவேலை என்று கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் சொன்னான். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவன் இவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்ததை முஸ்பிறா கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் தானும் இதையெல்லாம் கேட்டதில்லையே என்று அவளுக்கு உறுத்தியது. நாரி நோவுக் கதை தன்னுடைய வேலை என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

சீனிமுகம்மது வயிறு குலுங்கச் சிரித்தார். பாஹிமா சிரிக்கவில்லை. அவளை நம்பித்தான் இத்தனை பேர் வந்து படுத்துவிட்டுப் போயிருந்தார்கள். காயப்போட்ட பாயை உருவிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். சில நாட்கள் அவள் மதிலடிக்கே வரவில்லை. முஸ்பிறா வட்டிலப்பம் செய்து அனுப்பினாள். தட்டம் வெறுமையாகத் திரும்பி வந்தது. பிறகு ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பின்னால் பாஹிமாவே பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"பொய்யெண்டாலும் காரியமில்ல. எனக்கு அதில படுத்தாச் சுகமாத்தான் இரிக்கி. விரி" என்றாள்.

பெரும்போக விதைப்புக்குச் சீனிமுகம்மது வயலை உழுது, தண்ணீர் கட்டிச் சேறாக்கியிருந்தார். ஐஸில் போகிற பலகை சேற்றில் போகாதா என்ற கேள்வி அவரை விடவேயில்லை. பர்ஸான் லீவு முடிந்து திரும்பும் முன்னர் பார்த்துவிடவேண்டும் என்று எல்லோரையும் சவளக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் கயிறு கட்டி அவர் ஓட்ட, பர்ஸான் பின்னால் பலகையில் ஏறி நின்றான். முழங்கால்களை மடக்கி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, சேற்று நீர் இரண்டு பக்கமும் விசிறியடிக்க அவன் வரம்போரமாக வளைந்து வந்தபோது, இவனா நம்மட ஆள் என்று முஸ்பிறா பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் இடத்தில் குப்புற விழுந்து, பல் மட்டும் வெள்ளையாக எழும்பி வந்தான்.

முஸ்பிறா செருப்பை வரம்பில் கழற்றி வைத்தாள். பாஹிமா அவளுடைய கையைப் பிடித்து, வயல் முழுக்க ஆட்கள் பார்ப்பார்கள் என்றாள். பார்க்கட்டும் என்று சொல்லி, உடுப்பைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு அவள் சேற்றில் இறங்கினாள். பர்ஸான் அவளைப் பலகையில் ஏற்றிக் கயிற்றைக் கையில் கொடுத்தான்.

"மெதுவாப் போங்க" என்று வரம்பில் நின்று பாஹிமா புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"அவ கதையக் கேக்காதீங்க மச்சான்" என்றாள் முஸ்பிறா. "இழுங்க."